அறுபத்து நான்கு கோடுகள்

விடிய இன்னும் அரைமணி நேரம் இருந்தது. சாரத்தின் மேல்தட்டில், ஒற்றைப் பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டு மையக்கா கூரைக்குக் கருப்புப் பூசிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு அடி உயரம். கீழே பார்த்தால் தலை சுற்றும். மேலே பார்த்தால் கண்ணில் சொட்டும். இரண்டில் எது தேவலை என்று எட்டு நாளாக அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக் கதவுக்கு அடிக்கிற பளபளப்புக் கருப்பில்லை அது. எத்தனை விளக்கைப் போட்டாலும் ஒரு மினுக்குக் காட்டாமல் விழுங்கிவிடுகிற கருப்பு. மூன்று முறை பூச வேண்டும். துப்பினால் கருப்பு, மூக்கைச் சிந்தினால் கருப்பு. எந்தச் சோப்புக்கும் அது நகக்கண்ணை விட்டுப் போகாது. அதனால்தான் மையக்கா என்று பெயர் வந்தது. அவளைவிட மூத்த ஆட்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இத்தனை கருப்பும் ஒரு கண்காட்சிக்காக. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இருட்டுக்குள் நுழைவார்கள். தரை முழுக்க முகம் பார்க்கிற கண்ணாடி. தலைக்கு மேலே நானூறு மண்வெட்டிகள் தொங்கும். அவை மெல்ல இறங்கிவந்து, உச்சந்தலைக்கு மூன்றடி மேலே நின்று, மறுபடி ஏறும். சுவருக்குள்ளிருந்து சம்மட்டிச் சத்தம் கேட்கும். ஹீட்டர் சுடும். அரைமணி நேரம் இதையெல்லாம் அனுபவித்துவிட்டு வெளியே வந்தால், முகம் துடைக்க ஈரத்துண்டு கொடுப்பார்கள். 'உழைப்பின் வானம்' என்று வாசலில் எழுதியிருந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

வியர்வை நாற்றம்கூட வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியிருந்தது. சின்னச் சின்னப் பாட்டில்கள், பஞ்சு சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து. கூடத்தின் மூலைகளில் அதைப் பீய்ச்சுவார்களாம். நிஜ வியர்வையோடு வந்தவர்களை மட்டும் முதலாளி லிஃப்டில் ஏறவிடவில்லை. "கெஸ்ட்டுங்க வர்ற லிஃப்ட்டு. வாடை தங்கிடும்" என்றார். பெயிண்ட் டின்களைத் தோளில் வைத்துக்கொண்டு எட்டு நாளாக எல்லோரும் இரண்டு மாடி படியேறினார்கள்.

மண்வெட்டிகளைத் தொங்கவிட்டவரைக் கம்பிக்காரர் என்பார்கள். இரும்போ கண்ணாடியோ, எதையும் கூரையில் பத்திரமாகத் தொங்கவிடுவது அவர் தொழில். ஒரு சட்டத்துக்கு இருபத்தைந்து மண்வெட்டி என்று மொத்தம் பதினாறு சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்தையும் ஏற்றி இறக்க ஒரு மோட்டார். அந்த மோட்டாரை இரும்பு உத்திரத்தோடு பிடித்திருப்பவை நான்கு நட்டுகள். நட்டை முறுக்கி முடித்ததும், நட்டின்மேல் தொடங்கி உத்திரத்தின்மேல் முடிகிற மாதிரி கம்பிக்காரர் ஒரு வெள்ளைக்கோடு இழுப்பார். மோட்டாரின் அதிர்வில் நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். காலையிலும் சாயங்காலமும் தரையில் நின்று டார்ச் அடித்து அறுபத்து நான்கு கோடுகளையும் எண்ணுவார். எண்ணி முடிக்கிறவரை யாராவது பேச்சுக் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றைக்கும் எண்ணி முடித்து, கம்பி வடம் எடுத்துவர அவர் கிடங்குக்குப் போயிருந்தார். அவர் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, முதலாளி வந்தார். கையில் போன். கண்ணாடித் தரையைப் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மேல என்னம்மா வெள்ளை வெள்ளையா? தரையில நட்சத்திரம் மாதிரி தெரியுது."

"நட்டுக்குப் போட்ட கோடு சார். கம்பிக்காரர் போட்டது."

"ஆர்ட்டிஸ்ட் மேடம் பாத்துட்டாங்க. அவங்களுக்கு நட்சத்திரம் வேணாம். பூசிடு."

"அவரு வந்துடட்டும் சார். ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பூசறேன்."

"நீ யார்கிட்ட வேலை பாக்கற? அவர்கிட்டயா, என்கிட்டயா?"

மையக்கா பிரஷ்ஷை டின்னில் தோய்த்தாள். முதலாளியும் சாரத்தில் பாதி ஏறிவந்து, அவள் கையையும் பிரஷ்ஷையும் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்தார். நுழைவாயிலில் ஓடப்போகிற விளம்பரப் படத்துக்காம். உழைக்கும் கைகள் என்று தலைப்பு வரும் என்று சிரித்தார். கோடு ஒவ்வொன்றாகக் கருப்புக்குள் போனது. முற்பகல் முழுக்க அதற்கே சரியாகிவிட்டது.

டீ குடிக்கிற நேரத்தில் கம்பிக்காரர் வந்தார். வடத்தைத் தூக்கிவந்த களைப்பில் சுவரோரம் உட்கார்ந்தார். சொல்லிவிடலாம் என்று மையக்கா வாயெடுத்தாள். சொன்னால் மனுஷன் அங்கேயே ஆடித் தீர்ப்பார், வேலை நிற்கும், முதலாளி அவளைப் பிடித்துக்கொள்வார். சாயங்காலம் சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று டீயை ஊதிக் குடித்தாள். அவள் வாழ்நாளில் குடித்த டீக்களில் அதைப்போல ஒரு கேடுகெட்ட டீ இல்லை.

பிற்பகல் கூடத்தில் ஒத்திகையாகப் புகை விட்டுப் பார்த்தார்கள். மேலே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பதினாறு மோட்டாரும் ஓடிக்கொண்டேயிருந்தன. கீழே, பார்வையாளர்கள் பிடித்துக்கொண்டு நடக்கிற கம்பியை மையக்காவின் கொழுந்தன் வெல்டிங் செய்துகொண்டிருந்தான். மோட்டார் ஓடினால் கீழே ஆள் நிற்கக்கூடாது. தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. அவன் இரண்டு முறை போய்க் கேட்டான். இரண்டு முறையும் முதலாளி வாட்ச்சைத் தட்டிக் காட்டினார்.

நாலு மணிக்குப் பதினோராவது மோட்டாரின் இரண்டு நட்டுகள் கழன்றன. மோட்டார் தலைகுப்புறச் சாய, சட்டம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு இறங்கியது. கொக்கிகளிலிருந்து மண்வெட்டிகள் கழன்று விழுந்தன. கொழுந்தன் தலையை மறைக்கத்தான் கையைத் தூக்கினான். தலை தப்பியது. வலது உள்ளங்கையும் மூன்று விரல்களும் பிளந்துவிட்டன.

புகைக்குள்ளிருந்து முதலாளியின் குரல் முதலில் வந்தது. "கண்ணாடி உடைஞ்சுதா?"

கூட இருந்தவர்கள் அவனை லிஃப்டில்தான் இறக்கினார்கள். அப்போது வாடையைப் பற்றி முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவர் மண்டியிட்டுத் தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போன கையோடு தரையைக் கழுவிக் கூடத்தைப் பூட்டிவிட்டார்.

*

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவர்கள்தான் என்றாலும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குழாயடிச் சண்டை ஒன்று நாலு வருஷமாகப் பாக்கி இருந்தது. மையக்காவைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"கை வருமாக்கா?"

"தையல் போட்டிருக்காங்க. ஆறு வாரம் போனாத்தான் சொல்ல முடியுமாம்."

"வெல்டிங் பிடிக்கிற கை."

"தெரியும்மா."

இருட்டுவதற்கு முன்னால் முதலாளி வந்தார். கையில் பழக்கூடை, கக்கத்தில் ஃபைல். பழத்தை ஓரகத்தியிடம் கொடுத்தார். ஃபைலோடு மையக்காவை ஜன்னல் பக்கம் தனியாகக் கூட்டிப் போனார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அனுமதி குடுக்கிற ஆபீசருங்க வர்றாங்க. அவங்க கையில இந்தத் தாள் இருக்கணும். நீ கூடவே வேலை பாத்தவ, சொந்தமும்கூட. உன் சாட்சிக் கையெழுத்துப் போதும்."

மையக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள். போகக்கூடாது என்று எச்சரித்தும் கேளாமல், தானாகவே ஆபத்தான பகுதிக்குள் வெல்டர் புகுந்துவிட்டார் என்று இருந்தது.

"அவன் ரெண்டு தடவை வந்து மோட்டாரை நிறுத்தச் சொன்னானே சார்."

"அப்படியா? எனக்கு ஞாபகமில்ல."

"எனக்கு இருக்கு."

முதலாளி போனை எடுத்துத் தட்டினார். திரையில் அவளுடைய கையும் பிரஷ்ஷும் தெரிந்தன. ஒரு வெள்ளைக்கோடு கருப்பாகிக்கொண்டிருந்தது.

"இதுல என் முகம் இருக்கா? என் குரல் இருக்கா? நட்டு கழண்டது தெரியாமப் போனதுக்கு யார் காரணம்னு கேட்டா, நான் இதத்தான் காட்டணும். கொழுந்தன் கையை வாங்கினவ அண்ணிதான்னு உங்க வீட்டுக்குத் தெரிஞ்சா எப்படி இருக்கும்? போடு, ஆஸ்பத்திரிச் செலவு என்னுது. போடலேன்னா உன் பாடு."

அவர் போனபிறகு வெகுநேரம் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பயம்தான். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் உறுத்தியது.

ஓரகத்தி தாளை வாங்கிப் படித்தாள். "போட்டுடுங்கக்கா. செலவையாவது பாத்துக்கறேங்கறான். நாம எங்க போய் மோதறது?"

"இதுல உன் வீட்டுக்காரன் சொல் பேச்சுக் கேக்காதவன்னு எழுதியிருக்கு. படிச்சியா?"

"படிச்சேன். கௌரவத்த வச்சு மருந்து வாங்க முடியுமா?"

உள்ளே கொழுந்தன் விழித்திருந்தான். கை தலையணை அளவுக்குக் கட்டுப் போட்டிருந்தது. அண்ணியைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். "கண்ணாடி தப்பிச்சுதாமே அண்ணி. நல்லவேளை, என் கை மெத்துன்னு இருந்துச்சு."

மையக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கோடுகள், முதலாளி, டீ, சொல்லாமல் விட்டது. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அதைத் துடைக்கக் கருப்பு விரல்களைத் தூக்கி, பிறகு புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். வாசலில் நின்று ஓரகத்தி முழுவதையும் கேட்டாள். பழக்கூடையை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்வாரக் கோடியில் வைத்துவிட்டு வந்தாள்.

கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். கடைசியில் கேட்டான்.

"அப்ப மத்த பதினஞ்சு மோட்டாரு? அதுல எந்த நட்டு எப்படி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"நாளைக்குச் சாயங்காலம் ஜனங்க வருவாங்களே அண்ணி. செருப்பக் கழட்டிட்டு."

மையக்கா தாளை ஓரகத்தியின் கையில் திணித்தாள். "நான் போடமாட்டேன். நீ என்ன பண்ணணுமோ பண்ணிக்க. என்னைத் திட்டறதுன்னா அப்புறமா வந்து திட்டு, வாங்கிக்கறேன்."

*

மறுநாள் விடிகாலையில் பின்வாசல் படியில் பதினாலு பேர் கூடியிருந்தார்கள். தச்சர்கள், பெயிண்டர்கள், கரண்ட்டுக்காரர், கண்ணாடி பதிக்கிறவர்கள். பின்கதவுச் சாவி கம்பிக்காரரிடம் இருந்தது. அவர் கதவில் கை வைக்கிறபோது மையக்கா முன்னால் போய் நின்றாள்.

"உள்ள போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். உங்க கோட்டையெல்லாம் நான் பூசிட்டேன்."

கம்பிக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளுத்தது.

"அறுபத்து நாலையுமா?"

"ஆமா. முதலாளி பூசச் சொன்னாரு. டீ குடிக்கையில உங்ககிட்ட சொல்லியிருக்கணும். நீங்க சத்தம் போடுவீங்கன்னு சொல்லல."

"சத்தமா?" அவர் ஒரு எட்டு முன்னால் வந்தார். "நீ சொல்லியிருந்தா ஒரு மணி நேரம் சத்தம் கேட்டிருக்கும். அவ்வளவுதானே? இருபது வருஷமா இந்த வேலை பாக்கற. அந்தக் கோடு எதுக்குன்னு உனக்குத் தெரியாது? அது கண்ணு. கண்ணைப் போயி பூசிட்டு வந்து நிக்கற."

மையக்கா தலை குனியவில்லை. வசவு முழுவதையும் நின்று வாங்கினாள். சுற்றி நின்றவர்களில் ஒருவரும் அவளுக்காகப் பேசவில்லை. பேசியிருந்தால்தான் அவளுக்குப் பொறுத்திருக்காது. திட்டித் தீர்த்து மூச்சு வாங்கிய கம்பிக்காரரிடம், முதலாளி கையெழுத்துக்கு நீட்டிய தாளைப் பற்றியும் சொன்னாள். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சாரத்தில் ஏறினார். கீழிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முதல் மோட்டாரு," என்று மேலிருந்து குரல் வந்தது. "ஒண்ணு இறுக்கமா இருக்கு. ரெண்டாவது விரலாலயே சுத்துது. மூணாவதும் சுத்துது."

ஒரு தச்சர் மெல்ல நகர்ந்து, தொங்குகிற மண்வெட்டிகளுக்கு வெளியே வந்து நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள்.

கம்பிக்காரர் இறங்கிவந்து சாரக் கம்பைப் பிடித்தபடி நின்றார். அவருடைய கோபம் போகவில்லை. ஆனால் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"பூசினவ வந்து தப்பை ஒத்துக்கிட்டா. பூசச் சொன்ன மனுஷன் தன் தப்பைக் கை போனவன் தலையில எழுதி, கையெழுத்துக்கு அலையறான். எல்லா நட்டையும் கழட்டி முறுக்கிக் கோடு போட ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் மோட்டார் ஓடக்கூடாது. ஓடினா நாளைக்கு எவன் தலையோ."

"ஓடாது," என்றார் கரண்ட்டுக்காரர். போர்டைத் திறந்து ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வெல்டர் மேல தப்பு இல்லன்னு எழுதித் தரணும்," என்றார் தச்சர். "இல்லேன்னா ஊர்ல ஒரு கூடத்துலயும் அவனை நுழைய விடமாட்டாங்க."

அப்படியே கண்ணாடித் தரைக்கு வெளியே, சுவரோரமாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒரு முழம் இடம் விட்டு மையக்காவும் உட்கார்ந்தாள்.

எட்டரை மணிக்கு முதலாளி வந்தார். விளக்குப் போட்டார், எரியவில்லை. போனிலிருந்த வெளிச்சத்தை அடித்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"என்ன இது? சத்திரமா?"

"நட்டெல்லாம் லூசா இருக்கு," என்றார் கம்பிக்காரர். "ரெண்டு நாள் வேணும்."

"பத்து மணிக்கு ஆபீசருங்க. ஆறு மணிக்குத் திறப்பு. ரெண்டு நிமிஷம்கூடக் கிடையாது."

"அப்ப ஆபீசருங்ககிட்ட நாங்களே காட்டறோம். விரலால சுத்திக் காட்டறோம்."

முதலாளியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கையில் துருப்பு வைத்திருக்கிறவனின் சிரிப்பு. போனைத் தட்டி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பினார்.

"யாரு பக்கத்துல உக்காந்திருக்கீங்கன்னு பாத்துக்கங்க. உங்க ஆளு கை போனதுக்கு யாரு காரணம்? இது யாரு கை?"

படம் ஓடியது. கருப்புக் கை, வெள்ளைக்கோடு, கருப்பு.

"மையக்கா கை," என்றார் கம்பிக்காரர். "காலையிலேயே சொல்லிருச்சு. வேண்டிய மட்டும் திட்டியாச்சு. வேற படம் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தச்சர் ஒருவர் நகர்ந்து, மையக்காவுக்கும் தனக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடத்தை அடைத்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் வெளிய போங்க," முதலாளியின் குரல் கீச்சிட்டது. "வேற ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன், வண்டி வந்துட்டிருக்கு. ஒரு கூடத்துலயும் இனிமே உங்களுக்கு வேலை கிடைக்காது. சாட்சிக் கையெழுத்தும் எனக்கு வேணாம். பொண்டாட்டிகிட்டயே வாங்கிக்கறேன். வரச் சொல்லியாச்சு."

சொல்லி வைத்தாற்போல் வாசலில் ஓரகத்தி நின்றாள். இரவெல்லாம் தூங்காத முகம். கையில் அந்தத் தாள். முதலாளி விழுந்தடித்துக்கொண்டு போனார்.

"வாம்மா. நீயாவது புத்தியா நடந்துக்க. பேனா இந்தா."

ஓரகத்தி பேனாவை வாங்கிக்கொண்டாள். "அவரு எங்க நின்னுட்டிருந்தாரு?"

மையக்கா கையை நீட்டிக் காட்டினாள். ஓரகத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிமேல் நடந்து அந்த இடத்துக்குப் போனாள். திறந்த கதவு வழியாக வந்த வெளிச்சத்தில், மேலே முந்நூற்றுச் சொச்சம் மண்வெட்டிகள் அசையாமல் தொங்கின. அவள் காலடியிலும் அத்தனை மண்வெட்டிகள் தெரிந்தன.

"எல்லாம் பத்திரமா இருக்குன்னு சொன்னீங்களே சார், போன்ல."

"ஆமாம்மா. இவங்க கிளப்பிவிடறாங்க."

"அப்ப இங்க வாங்க. என் பக்கத்துல நில்லுங்க. மோட்டாரைப் போடச் சொல்லுங்க. ஒரு தரம் இறங்கி ஏறட்டும். இங்கயே உக்காந்து கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

முதலாளி வாட்ச்சைப் பார்த்தார். "இதெல்லாம் என்ன பேச்சு. எனக்கு ஆயிரம் வேலை இருக்கு."

"ரெண்டு நிமிஷம்தான் சார். அவரு மத்தியானம் முழுக்க நின்னாரு."

முதலாளி கண்ணாடி விளிம்பில் நின்றார். ஷூ முனை கண்ணாடியைத் தொடவில்லை. பதினாலு பேரும் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது போலக் காதில் வைத்துக்கொண்டு அவர் வெளியே போனார். ஓரகத்தி தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சுவரோரம் வந்தாள். மையக்காவின் முன்னால் நின்றாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் இருக்குக்கா."

"இருக்கட்டும்."

"சட்டுன்னு தீராது."

"தீர வேணாம். உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். நாலு வருஷத்தில் இரண்டு பேர் தோளும் இடித்தது அன்றுதான்.

கீழே வாசலில் வேன் வந்து நின்று ஹார்ன் அடித்தது. கதவு இழுபடும் சத்தம், ஆட்கள் குதிக்கிற சத்தம், இரும்புப் பெட்டிகள் இறங்குகிற சத்தம். முதலாளி அவர்களை அதட்டுவதும் கேட்டது. கீழே வருகிறவர்களும் கூலிக்காரர்கள்தான், வீட்டில் அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். அவர்கள் ஏறிவந்து வேறு ஃபியூஸைப் போட்டால் எல்லாம் முடிந்தது.

கம்பிக்காரர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "நான் போய்ப் பேசிப் பாக்கறேன். நட்டைத் தொட்டுப் பாக்கச் சொல்றேன். கேட்டாக் கேக்கட்டும். நீங்க இருங்க."

"தனியாப் போகாதீங்கண்ணே," என்றாள் ஓரகத்தி.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரரு மோட்டாரை நிறுத்தச் சொல்லி ரெண்டு தடவை போனாரே, அப்ப தனியாத்தான் போனாரு. நீங்கல்லாம் இங்கதானே இருந்தீங்க."

ஒருவருக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. உண்மைதான். புகைக்குள் அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டு எல்லோரும் அங்கேயேதான் இருந்தார்கள். மையக்கா முதலில் எழுந்தாள். அப்புறம் தச்சர், கரண்ட்டுக்காரர், கண்ணாடிக்காரர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்தார்கள். ஓரகத்திக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, பதினைந்து பேருமாகப் படியில் இறங்கினார்கள்.